நடுவே நிற்கும் மேய்ப்பர்கள்





நீங்கள் அனுப்பும் உதவியோடு பெரும்பாலும் ஒரு கடிதமும் சேர்ந்தே வருகிறது. வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் நோயும் இருக்கும், முந்திரிக்காடும் இருக்கும். மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு. மகளுக்குத் திருமணமாகி ஆண்டுகள் ஆகியும் குழந்தையில்லை. இந்த ஆண்டும் முந்திரிப் பூ கருகிவிட்டது. எங்களுக்காகச் சாமியாரைச் செபிக்கச் சொல்லுங்கள். இப்படியே போகும். அவற்றில் அடிக்கடி வரும் ஒரு வரி எங்களை நிறுத்திவிடுகிறது. "எங்களால் இவ்வளவுதான் அனுப்ப முடிந்தது. இதற்கு எங்கள் பெயரையும் மன்றாட்டில் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று தயங்கித் தயங்கி எழுதியிருப்பார்கள்.

சேர்த்துக்கொள்வோம். ஒன்றும் அனுப்பாவிட்டாலும் சேர்த்துக்கொள்வோம். இது எங்கள் பெருந்தன்மை அல்ல. மக்களுக்காகக் கடவுள்முன் பரிந்து நிற்பது ஆன்மீகத் தலைவர்கள் மக்களுக்குத் தீர்க்கவேண்டிய கடன். கடனைத் தீர்க்கிறவர் கூலி கேட்க முடியாது. இதை நம் மக்களில் பலர் அறியாமல் இருப்பதால்தான் இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

விவிலியத்தில் பரிந்து பேசியவர்கள் என்றதும் ஆபிரகாம் சோதோமுக்காகப் பேரம் பேசியது நம் நினைவுக்கு வரும். ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துக்கு இறங்கி வந்த அந்தக் கதையைச் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் மருத்துவமனையில் வேலை செய்கிற எங்களுக்கு நெருக்கமானது எண்ணிக்கை நூலின் 16ஆம் அதிகாரம். ஆரோனின் குருத்துவத்தையே எதிர்த்துக் கலகம் செய்த கூட்டம் அது. கலகம் அடங்கிய மறுநாளும் மக்கள் மோசேயையும் ஆரோனையும் குறை கூறினார்கள். அப்போது கொள்ளைநோய் தொடங்கியது. மோசே சொன்னவுடன் ஆரோன் பலிபீடத்து நெருப்பைத் தூபக்கலசத்தில் எடுத்துக்கொண்டு மக்கள் நடுவே ஓடினார். வயது எண்பதுக்கு மேல். தம்மைப் பழித்த மக்களுக்காகவே ஓடினார். செத்தவர்கள் ஒரு பக்கம், உயிரோடிருப்பவர்கள் ஒரு பக்கம், நடுவே அவர் நின்றார். நோய் நின்றது. ஆனாலும் அதற்குள் 14,700 பேர் இறந்துவிட்டதாக நூல் சொல்லுகிறது. அந்தக் கணக்கை விவிலியம் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பரிந்து நின்றதால் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள் என்று அது சொல்லவில்லை. இவர் எங்கே நின்றார் என்பதைத்தான் சொல்லுகிறது.

தலைமைக் குரு தூயகத்துக்குள் போகும்போது இஸ்ரயேலின் பன்னிரண்டு குலங்களின் பெயர்களையும் பொறித்த கற்களை நெஞ்சின்மேல் தாங்கிப் போகவேண்டும் என்பது சட்டம். சாமுவேலோ தம்மை ஒதுக்கிவிட்டு அரசனைக் கேட்ட மக்களைப் பார்த்து, உங்களுக்காக மன்றாடுவதை நான் விட்டால் அது ஆண்டவருக்கு எதிராக நான் செய்யும் பாவம் என்ற கருத்தில் பேசினார். செபிக்காமல் விடுவது பாவம் என்று ஒரு தலைவர் தம்மைப் பற்றியே சொல்லிக்கொள்வது சாதாரணக் காரியமல்ல.

இந்தக் கடன் இன்றும் சட்டமாகவே இருக்கிறது. 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 534ஆம் சட்டம், ஒரு பங்கைப் பொறுப்பேற்கும் பங்குத்தந்தை ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு கடன் திருநாளும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று கூறுகிறது. ஆயருக்கும் தம் மறைமாவட்ட மக்களுக்காக இதே கடமை உண்டு. அது 388ஆம் சட்டம். அந்தப் பூசைக்கு வேறு யாருடைய கருத்துக்காகவும் காணிக்கை வாங்க முடியாது. உங்கள் ஊரில் ஞாயிறு பூசைகளில் ஒன்று, பங்கு மக்கள் எல்லாருக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. கோவிலுக்கு வந்தவர், வராதவர், வரி கொடுத்தவர், பாக்கி வைத்தவர், சாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு பக்கத்து ஊர்க் கோவிலுக்குப் போகிறவர் எல்லாரும் அதில் அடக்கம். நீங்கள் கேட்காமலே, கொடுக்காமலே உங்களுக்காக ஒரு திருப்பலி வாரந்தோறும் நடந்துவருகிறது. பூசைக் கருத்து வாசிக்கும்போது நம் வீட்டுப் பெயர் வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் இதை அறிந்தால் ஆறுதல் அடைவார்கள்.

945ஆம் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. காணிக்கை எதுவும் பெறாவிட்டாலும் மக்களின், குறிப்பாக ஏழைகளின், கருத்துக்காகத் திருப்பலி நிறைவேற்றும்படி குருக்களை அது வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறது. பூசைக்காணிக்கை தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. அது நம் முன்னோர் காலத்திலிருந்து வரும் நல்ல வழக்கம். குருக்களின் பிழைப்புக்கும் கோவிலின் தேவைக்கும் உதவுவது. ஆனால் அது விலை அல்ல. விலை என்ற எண்ணம் நுழைந்துவிட்டால் ஐம்பது ரூபாய் அனுப்பிய கைம்பெண் வெட்கப்படுகிறார், ஐம்பதாயிரம் அனுப்பியவர் பதில் வரவில்லையே என்று கணக்குக் கேட்கிறார். இரண்டுமே நம்மை வருத்துகின்றன.

சரி, குருவானவர் பீடத்தில் மன்றாடுவதோடு கடன் தீர்ந்துவிடுமா? நம் மண்ணின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

நம் அரியலூர் மாவட்டத்திலேயே கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியாவுக்கு வந்து, வீரமாமுனிவர் என்று தமிழர் கொண்டாடும் பெஸ்கி அடிகளார் அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல அன்னைக்குக் கோவில் எழுப்பினார். தேம்பாவணி பாடியவர் என்பதற்காக நாம் அவரைப் புலவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: காவல், அடைக்கலம். தென்கரையில் தஞ்சை அரசில் துன்பம் வந்தபோதெல்லாம் ஆற்றைக் கடந்து வந்த கிறிஸ்தவர்களுக்கு அந்த ஊர் புகலிடமாக இருந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அரியலூரை ஆண்ட மழவராயருக்கு வந்த இராஜபிளவையை முனிவர் அன்னையிடம் மன்றாடி, பச்சிலை வைத்துக் குணமாக்கினார் என்றும், அதற்கு நன்றியாக மன்னர் கோவிலுக்கு 175 ஏக்கர் நிலம் கொடுத்தார் என்றும் ஏலாக்குறிச்சிக்குப் போகும் பயணிகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். மக்கள் இந்தக் கதையைச் சொல்லும் விதம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. மன்றாட்டையும் பச்சிலையையும் அவர்கள் பிரித்துச் சொல்வதில்லை. கிடைத்த நிலம் முனிவருக்கு அல்ல, கோவிலுக்கும் அதை அண்டி வந்த மக்களுக்கும் என்பதையும் சொல்லாமல் விடுவதில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் தஞ்சையில் நடந்ததை இன்னும் உறுதியாக அறிந்திருக்கிறோம். நடத்தியவரே கடிதங்களில் எழுதி வைத்திருக்கிறார். அவர் சுவார்ட்ஸ் ஐயர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர், லூத்தரன் சபைக் குரு. அதனால் நம் வீடுகளில் அவர் பெயர் அதிகம் கேட்பதில்லை. 1726இல் பிரஷ்யாவில் பிறந்து 1750இல் தரங்கம்பாடியில் இறங்கியவர், பின்பு திருச்சியிலும், 1778 முதல் தஞ்சையிலும் உழைத்தார். நாள் தவறாமல் மக்களுக்காகச் செபித்தவர் அவர். அந்தச் செபம் அவரை எங்கெல்லாம் நடத்திக்கொண்டு போயிற்று என்பதுதான் நமக்குப் பாடம்.

1779இல் சென்னை அரசாங்கம் அவரை ஐதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சமாதானத் தூதராக அனுப்பியது. ஐதர் வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் உள்ள பை ஒன்றைக் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைத் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கே அது போய்ச் சேர்ந்தது. ஆனால் சமாதானம் நிலைக்கவில்லை. 1781இல் ஐதரின் படை தஞ்சைச் சீமையைச் சூழ்ந்துகொண்டது. கோட்டைக்குள் அடைபட்ட மக்களும் சிப்பாய்களும் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஏற்றி வர மாடும் இருந்தது, கொடுக்க ஆள் இல்லை. ஏன்? முன்பு அதிகாரிகள் நெல்லையும் மாட்டையும் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரசரின் வாக்கையும் நம்பவில்லை, கம்பெனியின் வாக்கையும் நம்பவில்லை.

உங்களையும் எங்களையும் மக்கள் நம்ப மாட்டார்கள், சுவார்ட்ஸை நம்புகிறார்களா பார்ப்போம் என்று துளஜா மன்னரே கம்பெனி அதிகாரியிடம் சொல்லி, எழுதாத வெள்ளைத் தாளில் அதிகாரம் கொடுத்து அனுப்பினார். சுவார்ட்ஸ் கிராமத்தாருக்கு எழுதினார்; பணத்துக்குத் தாமே பொறுப்பு என்றார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. உபதேசியார்களும் மற்றக் கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து ஊர் ஊராகப் போனார்கள். 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. எல்லாருக்கும் பேசியபடி பணம் கொடுத்து, மேலே சிறிது அன்பளிப்பும் கொடுத்து அனுப்பினார். பின்பொரு காலத்தில் வரிக்கொடுமை தாங்காமல் உழவர்கள் கூட்டங்கூட்டமாகச் சீமையை விட்டு ஓடியபோதும் அவர் சொல்லை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்ததாக வரலாறு கூறுகிறது.

இந்த நிகழ்ச்சியில் எங்களைத் தொடுவது நெல்லின் அளவு அல்ல. கடவுள்முன் மக்களுக்காக நின்று பழகியவர், அதிகாரத்தின்முன்னும் மக்களுக்காக நிற்க முடிந்தது. அதற்கு வேண்டிய ஒரே முதல் அவரிடம் இருந்தது: அவர் தமக்கென்று எதையும் கேட்கமாட்டார் என்று இரு தரப்பும் அறிந்திருந்தது. அவர் 1798இல் இறந்தார். அவர் வளர்த்து, அரசுரிமைக்காகக் கம்பெனியிடம் வாதாடிய சரபோஜி மன்னர், கிறிஸ்தவராகவில்லை. ஆனாலும் தம் குருவுக்காக இங்கிலாந்தில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு பளிங்கில் நினைவுச் சின்னம் செய்வித்தார். தஞ்சைச் சிவகங்கைக் கோட்டைக்குள் உள்ள கோவிலில் அதை இன்றும் காணலாம். மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் அருகே மன்னர் நிற்கும் காட்சி அது.

நடுவே நிற்பதற்கு விலையும் உண்டு. நமக்குப் பக்கத்து மாவட்டமான திருச்சியில் விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி அடிகளாரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஜார்க்கண்டில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர்நீதிமன்றம் வரை போனவர். 2020 அக்டோபரில் அவரே கைது செய்யப்பட்டார். தம்மேல் சாட்டப்பட்ட குற்றத்தை மறுத்தார். வழக்கு விசாரணை தொடங்கும் முன்னரே, 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், காவலில் இருந்தபடியே மும்பையில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். அரசியல் பேசுவது எங்கள் இதழின் வேலை அல்ல. யாருக்காகப் பரிந்து பேசினாரோ அந்த விசாரணைக் கைதிகளில் ஒருவராகவே அவர் இறந்தார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 27 மாலையில், திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் தனியாக நின்று உலகத்துக்காக மன்றாடியதைத் தொலைக்காட்சியில் கண்டவர்களுக்கும் ஆரோனின் நினைவு வந்திருக்கும்.

இனி எங்கள் வார்டுகளுக்கு வருகிறோம். பரிந்து நிற்கும் இந்தக் கடமைக்கு இங்கே பெரிய தடையாக இருப்பது குருக்களின் மனக்குறை அல்ல, நம் வீட்டாரின் பயம். நோயாளி படுக்கையில் இருக்கிறார். சாமியாரை வரச் சொல்லலாமா என்று சகோதரிகள் கேட்டால், "வேண்டாம் சிஸ்டர், அப்பா பயந்துவிடுவார்" என்கிறார்கள். நினைவு தப்பி, மூச்சு இழுக்கும் நேரத்தில் நள்ளிரவில் ஓடுகிறார்கள். குருவானவர் வருவதற்குள் முடிந்துவிடுகிறது. பிறகு சாமியார் நேரத்துக்கு வரவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு.

இந்தப் பயத்துக்குக் காரணம் பழைய பெயர். நம் பாட்டிமார் காலத்தில் இதை அவஸ்தைப்பூசுதல் என்றார்கள். அவஸ்தை என்றால் சாகும் அவஸ்தை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே இதை நோயுற்றோருக்கான அருட்சாதனம் என்று அழைப்பதே பொருத்தம், சாகும் நேரத்துக்கு மட்டும் உரியதல்ல என்று தெளிவாக்கிவிட்டது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையை வெளியிட்டார். அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் பெறலாம். முதுமையால் தளர்ந்தவர்களும் பெறலாம். நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். யாக்கோபு தம் திருமுகத்தில் சொல்வதும் இதுவே: நோயுற்றவர் சபையின் மூப்பரை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி மன்றாடட்டும். அழைப்பு நோயாளியிடமிருந்து தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். அழைக்காமல் இருந்துவிட்டு அவர் வரவில்லை என்பது நியாயமா?

வேறொரு கூட்டத்தாரும் உண்டு. செபம் போதும், மாத்திரை வேண்டாம் என்று நீரிழிவு மருந்தை நிறுத்திவிட்டு, கால் அழுகிய நிலையில் கொண்டுவரப்படுகிறவர்கள். இவர்களைக் கண்டால் எங்களுக்கு வரும் வருத்தத்தைச் சொல்லி முடியாது. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசியுங்கள். மருத்துவரை மதி, மருந்தை ஒதுக்காதே, மன்றாடு என்று மூன்றையும் சேர்த்தே அது கற்பிக்கிறது. மருத்துவர்களும் ஆண்டவரிடம் மன்றாடுவார்கள் என்றும் சொல்லுகிறது. மருந்தை நிறுத்தச் சொல்லுகிற போதகர் யாராயிருந்தாலும் அவர் நோயாளிக்காகப் பரிந்து நிற்கவில்லை. நோயாளியைத் தனியே விட்டுவிடுகிறார்.

நல்ல மேய்ப்பர்கள் செய்வதையும் நாங்கள் பார்க்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இல்லாமல் வந்த கூலித்தொழிலாளிக்காக வருமானச் சான்றிதழ் வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் கூடவே போன பங்குத்தந்தை உண்டு. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ தஞ்சைக்கோ நாங்கள் அனுப்பிவைக்கும் நோயாளியின் பெயரைக் குறித்துக்கொண்டு, மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் செய்தி சொல்லும் உபதேசியார் உண்டு. அவர் கிறிஸ்தவர் அல்லாதவர் பெயரையும் குறித்துக்கொள்வார். பூசையில் பொதுவாக "நோயாளிகளுக்காக" என்று மன்றாடுவதற்கும், எந்தப் படுக்கையில் யார் கிடக்கிறார் என்று தெரிந்து மன்றாடுவதற்கும் வேறுபாடு இருக்கிறது. பங்குத்தந்தை குடும்பங்களைச் சந்திக்கவேண்டும், நோயாளிகளையும் மரணத்தறுவாயில் இருப்போரையும் அன்போடு தேடவேண்டும் என்று 529ஆம் சட்டம் கேட்பதன் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். தலைமைக் குருவின் மார்பில் இருந்தவை பொதுவான கற்கள் அல்ல, பெயர் பொறித்த கற்கள்.

குருக்களும் களைத்துப் போகிறார்கள். கிளைக் கிராமங்கள் பல, பள்ளிக்கூடம், கட்டட வேலை, வழக்கு, திருவிழா வரவு செலவு. இவற்றுக்கு நடுவே திருப்புகழ்மாலை சொல்லி முடிப்பதே பாடு என்று மனந்திறந்து எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. மோசே குன்றின்மேல் கைகளை உயர்த்தி மன்றாடினார். கை தளர்ந்தபோது ஒரு கல்லைக் கொண்டுவந்து உட்காரவைத்து, ஆரோனும் கூரும் இருபக்கமும் நின்று பொழுது சாயும்வரை தாங்கினார்கள். எத்தனையோ குருக்களையும் கன்னியரையும் திருச்சபைக்குக் கொடுத்த வரதராஜன்பேட்டை மக்களுக்கு இதை நாங்கள் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் அலங்கார அன்னை கோவிலில் உட்கார்ந்து உங்கள் பிள்ளைக்காகச் செபிக்கும்போது, அந்தப் பீடத்தில் நிற்பவருக்காகவும் ஒரு மணி செபமாலை தள்ளுங்கள். அவரிடம் சொல்ல ஒரு நோயாளியின் பெயர் உங்களிடம் இருந்தால், கோவில் வாசலில் நின்று புரணி பேசாமல் போய்ச் சொல்லுங்கள்.

எங்களுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மன்றாட்டுக்குப் பெயர் அனுப்பும்போது நோயாளியின் பெயரும் நோயும் மட்டும் தெளிவாக எழுதினால் போதும். காணிக்கைத் தொகையை அதன் பக்கத்தில் எழுதவேண்டாம். அந்தப் பட்டியல் எங்கள் சிற்றாலயத்தில் பீடத்தருகே வைக்கப்படும், எந்த இதழிலும் அச்சிடப்படமாட்டாது. குணமானால் ஒரு வரி எழுதுங்கள். இறந்துபோனாலும் எழுதுங்கள், பெயரை எடுத்துவிடமாட்டோம், இறந்தோர் பட்டியலுக்கு மாற்றி எழுதிக்கொள்வோம்.